என் பேர்ல போட்டுக்கமா

மீட்டிங் நடந்துகொண்டிருக்கும். பெங்களூரிலிருந்து மேலதிகாரி திரையில் வந்து எதையோ விளக்கிக்கொண்டிருப்பார். அந்த நேரம் பார்த்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இவருடைய போன் சத்தம் போடும். எடுத்துப் பார்ப்பார், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போவார். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாலும் எங்களுக்கு நன்றாகவே கேட்கும்.

“நாலு, எட்டு, சைபர், ஒண்ணு. ஆமாப்பா, டைலர் ஊட்டுதுதான். குட்த்துட்டுப் போ.”

யார் வீட்டுக்கோ வந்த பார்சலுக்கு ஓடிபி சொல்கிறார். மண்ணூர்பேட்டையில் அவர் தெருவில் பாதிப் பேருக்கு ஆன்லைன் சாமான்கள் இவர் பெயரில்தான் வரும். ஒருத்தருக்கு அந்த ஆப்பைப் பயன்படுத்தத் தெரியாது, ஒருத்தர் மாசத்துக்கு ஒரு சிம் மாற்றுவார், ஒருத்தி புடவை வாங்கியது மாமியாருக்குத் தெரியக்கூடாது. யார் என்ன காரணம் சொன்னாலும் இவரிடம் ஒரே பதில்தான். “என் பேர்ல போட்டுக்கமா.” ஆம்பளை என்றால் “போட்டுக்கப்பா.” அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை. நான் செய்த ஒரு காரியத்தில் அந்தப் பெயர் நானூறு தடவைக்கு மேல் பதிவாகியிருக்கிறது. இன்னொரு தடவை என் கையால் அதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மாடிக் கட்டடத்தில் எங்கள் கம்பெனி. நான் தென்காசிப் பக்கத்துக்காரி. வேலை கிடைத்து நானும் கணவரும் வந்து, ஆவடியில் வீடு தேடினோம். ஒரு வீடு பிடித்தது. வீட்டுக்காரர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நாற்பது வருஷம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு அப்போதுதான் சொந்த வீடு கட்டி மாடியை வாடகைக்கு விடுகிறார். “இந்த ஊர்ல உங்களைத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார். எங்களைத் தெரிந்தது ரயில்வே டிக்கெட் பரிசோதகருக்கு மட்டும்தான். மறுநாள் கேன்டீனில் இதைப் புலம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜையிலிருந்து குரல் வந்தது.

“என் பேர்ல போட்டுக்கமா. சித்தப்பா பையன்னு சொல்லு.”

அவரை எனக்குத் தெரிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அன்று சாயங்காலமே ஸ்கூட்டரில் வந்து, வீட்டுக்காரரிடம் காபி வாங்கிக் குடித்து, “தங்கமான பொண்ணு சார், சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன்” என்று கூசாமல் சொன்னார். அதற்குப் பிறகு மாசக்கணக்கில் வீட்டுக்காரர் என்னிடம் நேராகப் பேசவே மாட்டார். எல்லாப் புகாரும் இவருக்குத்தான் போகும். இவர் காலையில் என் மேஜைக்கு வந்து நிற்பார்.

“தங்கச்சி, பத்து மணிக்கு மேல மிக்சில இன்னா அரைக்கிற?”

“இட்லிப்பொடிண்ணே.”

“எட்டு மணிக்கு அரைச்சிக்க. எனக்கு போன் வருது.”

அவரைப் பெரிய மகான் என்று நினைத்துவிடாதீர்கள். டீயைச் சத்தமாக உறிஞ்சுவார். கீபோர்டை அடிக்கிற அடியில் பக்கத்து மேஜை ஆடும். யாராவது நன்றி சொன்னால் எரிந்து விழுவார். என் ஊர்ப் பேச்சைக் கேட்டால் கிண்டல் செய்யாமல் இருக்க மாட்டார். “வர்றேன், போறேன்னு சொல்லாம இன்னா ‘வாரேன்’ ‘போதேன்’னு இழுக்கற” என்பார், நான் இழுக்கவே இழுக்காத இடத்தில். அதோடு, அடுத்தவர் பெயரில் தனக்கு ஒன்றும் வாங்கிக்கொள்ள மாட்டார். ஒருநாள் ஸ்கூட்டர் நின்றுபோய், நல்ல மழை. என் போனில் ஆட்டோ புக் பண்ணுகிறேன் என்றேன். “உன் பேர்ல எதுக்குமா?” என்று சொல்லிவிட்டுத் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு மண்ணூர்பேட்டைக்கு நடந்தே போனார். எனக்குக் கோபமாக வந்தது. பெருந்தன்மையா வீம்பா என்று அன்றைக்கெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கேட்டேவிட்டேன். “ஏண்ணே, எல்லாருக்கும் உங்க பேரை வாரிக் குடுக்கீங்க. உங்களுக்குப் பயமே கிடையாதா?”

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “எங்கப்பா பேர்ல ஒண்ணுமே இல்லமா. ஊடு இல்ல, வண்டி இல்ல, கரண்டு பில்லுகூட ஓனரு பேர்லதான் வரும். ஓட்டு லிஸ்ட்ட உட்டா, அவரு செத்த சர்டிபிகேட்லதான் மொத தபா பேரு டைப் அடிச்சி வந்துச்சி. எனக்கு பேரு கீது, ஆபீசு கீது, ஐடி கார்டு கீது. யாருக்காச்சும் யூஸ் ஆவட்டுமே.”

இனி வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறுநீரக நோயாளிகளுக்கு டயாலிசிஸ் செய்கிற ரத்தச் சுத்திகரிப்பு மையங்களுக்கான மென்பொருள் எங்களுடையது. பல ஊர்களில் மையங்கள் உண்டு, ஒவ்வொன்றிலும் நர்ஸ்கள், டாக்டர்கள், பில் போடுகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. அந்தக் கணக்குக்கு ஒரு ரோல் கொடுத்தால்தான் உள்ளே நுழைந்து வேலை பார்க்க முடியும். நர்ஸ் ரோல் இருந்தால் நோயாளியின் தாளைத் திறந்து எடை, ரத்த அழுத்தம் எல்லாம் பதியலாம். டாக்டர் ரோல் இருந்தால் மருந்தளவை மாற்றலாம். ரோல் இல்லாவிட்டால் திரையில் உங்கள் பெயர் மட்டும் வரும், வேறு எதுவும் வராது.

இந்த ரோல்களைக் கொடுக்கிற அதிகாரம் எங்கள் கிளையில் இவர் ஒருவருக்குத்தான். ஒவ்வொருவராகத் திரையில் தேடி, டிக் அடித்து, சேமிப்பார். புது நர்ஸ் சேர்ந்தால் அவரே போன் போட்டு, “உள்ள போவுதாமா? பாத்துச் சொல்லு, நான் லைன்ல கீறேன்” என்பார். அந்தப் பெண் உள்ளே போய்விட்டது தெரிந்தபிறகுதான் போனை வைப்பார். சேலத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் முகம் தெரியாத நர்ஸ்கள் தீபாவளிக்கு இவருக்கு வாழ்த்து அனுப்புவார்கள்.

அந்த வருஷம் மையங்களில் பயிற்சிப் பாடங்கள் என்று புதிதாக ஒரு பகுதி சேர்த்தோம். எல்லா நர்ஸ்களுக்கும், நானூறுக்கு மேல், ‘பயிற்சி’ என்கிற ரோலையும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மற்ற வேலைகளுக்கு நடுவே கையால் செய்தால் ஒரு வாரம் ஆகும். செவ்வாய்க்கிழமைக்குள் வேண்டும் என்று மேனேஜர் இவரிடம் சொன்னார். இதற்கு ஏபிஐ வழி ஒன்று உண்டு. நாம் திரையைத் தொடவே வேண்டாம், நாம் எழுதுகிற நிரல் நேராகச் சர்வரிடம் பேசி, இந்தக் கணக்குக்கு இந்த ரோல் என்று சொல்லிவிடும். அந்த நிரலை எழுதுகிற வேலையை இவர் என்னிடம் கொடுத்தார். எழுதிவிட்டேன். ஆனால் அதை ஓட்ட ஒரு சாவி வேண்டும், எழுத்தும் எண்ணுமாக நீளமாக இருக்கும். அதை வைத்துத்தான் யார் கேட்கிறார்கள் என்று சர்வருக்குத் தெரியும். எனக்குச் சாவி கேட்டு அனுப்பிய விண்ணப்பம் பெங்களூரில் யாருடைய கையெழுத்துக்கோ காத்துக்கிடந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

சாவியை அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடாது என்பது விதி. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு சின்னச் சீட்டில் எழுதிக்கூடத் தரவில்லை, சாட்டில் அப்படியே ஒட்டி அனுப்பினார். கீழே ஒரு வரி: “முடிச்சிட்டு ஊட்டுக்குப் போ. மாசமா இருக்கற பொண்ணு உக்காந்துகினே இருக்காத.” அப்போது எனக்கு ஆறாம் மாதம். கணவர் வேலை பார்த்த கம்பெனி இரண்டு மாதம் முன்பு மூடிவிட்டது. எனக்கோ வேலை இன்னும் உறுதியாகவில்லை, உறுதியாவதற்கு ஏழு வாரம் இருந்தது.

நான் சோதித்துப் பார்க்காமல் ஓட்டவில்லை. புதிதாக ஒரு கணக்கு உண்டாக்கி, அதன்மேல் நிரலை ஓட்டினேன். ‘பயிற்சி’ ரோல் அழகாக வந்து உட்கார்ந்தது. செவ்வாய் காலை பத்து மணிக்கு எல்லாருக்கும் ஓட்டினேன். மூன்று நிமிஷத்தில் முடிந்தது. பிழை ஒன்றுகூட இல்லை. கைகளை உயர்த்திச் சோம்பல் முறித்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

நான் எழுதியது என்னவென்றால், சேர்க்கச் சொல்வதற்குப் பதிலாகப் பட்டியலையே மாற்றச் சொல்லியிருந்தேன். இந்தக் கணக்குக்கு இனி இருக்கிற ரோல்கள் இவைதான் என்று நிரல் சொல்லியிருக்கிறது. நான் அனுப்பிய பட்டியலில் ‘பயிற்சி’ ஒன்றுதான். சோதித்த கணக்கோ புத்தம் புதியது, அதில் முன்பு எதுவுமே இல்லை. இல்லாத கணக்கில் சேர்த்தால் என்ன, மாற்றினால் என்ன, இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஏற்கெனவே ரோல் உள்ள ஒரே ஒரு கணக்கில் ஓட்டிப் பார்த்திருந்தால் போதும். எனக்கு அது தோன்றவில்லை.

பத்து மணி ஏழு நிமிஷத்துக்கு முதல் போன் வந்தது. அதற்குப்பிறகு வைக்க வைக்க அடித்தது. எல்லா ஊரிலும் நர்ஸ்கள் சிஸ்டத்துக்கு வெளியே நின்றார்கள். நோயாளிகள் ஊசி குத்திக்கொண்டு மெஷினில் கிடக்கிறார்கள், நர்ஸால் அவர்களுடைய தாளைத் திறக்க முடியவில்லை. திறக்கப் போனால் திரையில் சிரித்த முகத்தோடு ஒரு பெண் ‘பயிற்சிக்கு வரவேற்கிறோம்’ என்கிறாள். போன தடவை இருந்த எடை தெரியாமல் உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுப்பது? பேப்பரில் எழுதினார்கள், டாக்டர்களைத் தொலைபேசியில் பிடித்தார்கள், சில இடங்களில் மெஷினை நிறுத்தி வைத்தார்கள்.

அவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, “யாருக்காச்சும் எதுனா ஆச்சா?” அவ்வளவுதான். என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முந்தைய நாள் பட்டியலை எடுத்து, முதலில் மெஷினில் ஆள் இருக்கிற மையங்கள், பிறகு மற்றவை என்று அவரே வரிசை போட்டுக் கையால் டிக் அடிக்க ஆரம்பித்தார். நடுநடுவே போனில், “இப்ப பாருமா, உள்ள போவுதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைப் படித்தேன். இரண்டரை மணி நேரத்தில் எல்லாரும் உள்ளே போனார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவர் தண்ணீர் குடித்தார்.

ஆனால் சர்வர் எல்லாவற்றையும் எழுதி வைக்கும். எந்தக் கணக்கு, எந்த ரோல், எந்த நொடி, யார் மாற்றியது. நானூறுக்கு மேற்பட்ட வரிகளிலும், யார் என்கிற இடத்தில் அவர் பெயர் இருந்தது.

வியாழக்கிழமை விசாரணை. உள்ளே போகுமுன் தண்ணீர் கேன் பக்கத்தில் அவரை நிறுத்தினேன்.

“அண்ணே, நானே சொல்லிருதேன்.”

அதை எவ்வளவு மெதுவாகச் சொன்னேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் வேண்டாம் என்று சொல்வதற்கு இடம் விட்டுச் சொன்னேன்.

“இன்னாத்த சொல்வ?” என்றார். “நீ சொன்னாலும் கீ குட்த்த குத்தத்துக்கு எனக்கு வேல போவும். நீ ஓட்டுன குத்தத்துக்கு உனக்குப் போவும். ரெண்டு பேரும் போயி இன்னா புண்ணியம்? உன் ஊட்டுக்காரருக்கும் வேல இல்ல, வயித்துல ஒண்ணு கீது. என் பேர்லதான ஏறிக்கீது, உட்டுடு.”

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள், திரையில் ஒருவர். அண்ணனிடம் நிறையக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஆமா சார், ஆமா சார் என்றார். இருபது வருஷமாக அந்தத் தெருவுக்கே பெயர் கொடுத்துக் கொடுத்து நிமிர்ந்து நடந்த மனுஷன், பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டவர்போலக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கடைசியில் திரையில் இருந்தவர் என் பக்கம் திரும்பினார். இந்த வேலையில் உங்கள் பங்கு என்ன என்று கேட்டார்.

“டெஸ்ட் மட்டும்தான் நான் பண்ணேன் சார்” என்றேன்.

சும்மா இருந்திருக்கலாம். தண்ணீர் கேன் பக்கத்தில் அண்ணன் என்னிடம் கேட்டது சும்மா இருக்கத்தான். நான் பேசினேன். ஓட்டியது அவர்தான் என்று ஆகும்படி பேசி, நூலைப்போல மீதியிருந்ததையும் அறுத்துவிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மதியமே அவரை அனுப்பிவிட்டார்கள். கவனக்குறைவால் நோயாளிகளுக்கு ஆபத்து விளைவித்தவர் என்று கடிதத்தில் எழுதினார்கள். அந்தக் கடிதத்தோடு எந்தக் கம்பெனியிலும் அவரால் நுழைய முடியவில்லை. போகிற இடமெல்லாம் முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிப்பார்கள், விசாரித்ததும் கதவைச் சாத்துவார்கள். எனக்கு ஏழு வாரத்தில் வேலை உறுதியானது. பெண் குழந்தை பிறந்தது. ரெண்டு பேரும் போயி இன்னா புண்ணியம் என்று அவர் கேட்டதை நான் எனக்கு நானே தினமும் சொல்லிக்கொண்டேன். சரியான கணக்குதானே என்று தோன்றும். தோன்றினாலும் மறுநாள் மறுபடி சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஒருமுறை அவரைப் பார்த்தேன். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில், இரண்டு வருஷம் கழித்து. மெட்ரோவுக்காக ரோட்டை மறித்திருந்தார்கள், எல்லாரும் எங்கே ஏறுவது என்று தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்தான் முதலில் கூப்பிட்டார். நசரத்பேட்டையில் ஒரு கிடங்கில் கேட்டில் இருக்கிறேன் என்றார்.

“லாரி நம்பர எழுதறேன், உள்ள உடறேன், வெளிய அனுப்பறேன். பழைய வேலதான்மா, சிஸ்டம்தான் இல்ல” என்று சிரித்தார். இளைத்திருந்தார். குழந்தை போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். “மூக்கு உன்ன மாதிரி இல்ல, நல்லவேள” என்றார்.

“அண்ணே, வீட்ல அண்ணிக்குத் தெரியுமா? நடந்தது?”

“இன்னா தெரியணும்?” என்றார். “தோ, உன் பஸ்ஸு வந்துகினு கீது பாரு, ஓடு.”

ஓடினேன். எனக்கும் ஓடத்தான் வேண்டியிருந்தது.

போன மாதம் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் அவர் படத்தைப் போட்டுக் கைகூப்பிய பொம்மைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். காலையில் கேட்டைத் திறந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. நாற்பத்தாறு வயது.

காரியம் முடிந்த மறுநாள் மண்ணூர்பேட்டைக்குப் போனேன். அந்த வீட்டுக்கு நான் போனதே இல்லை. தெருமுனையில் கேட்டதும் மூன்று பேர் கூடவே வந்து காட்டினார்கள். அண்ணி வாசலில் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் துணியைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“நீதானாமா அது? வா, உள்ள வா. அவரு உன்னப் பத்தி பேசாத நாளு இல்ல. அந்த ரூம்ல அத்தினி பேரும் அவரு மேல பாயும்போது, ஒரு பொண்ணு மட்டும் அவருக்காகப் பேசிச்சாம். மாசமா இருந்தியாமே. ‘அந்தப் பொண்ணு மட்டும்தான்டி எனக்காக நின்னுச்சி’ன்னு சொல்லுவாரு.”

என்னை வீட்டிலும் காப்பாற்றி வைத்திருக்கிறார். நான் கேட்காமலே, நான் போகாத வீட்டில்.

அண்ணி டீ போட அடுப்பைப் பற்ற வைத்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். முழுவதும் சொன்னேன். நிரலை எழுதியது நான், சாவி மட்டும் அவருடையது, ஓட்டியது நான், அந்த அறையில் அவருக்காக யாரும் பேசவில்லை, நான் பேசியது என்னைக் காப்பாற்றிக்கொள்ள. அழக்கூடாது என்று வந்திருந்தேன், முடியவில்லை. அண்ணி திட்டுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று எதிர்பார்த்தேன். அதை வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தேன்.

அண்ணி அடுப்பை அணைத்தார்.

“அப்ப அவரு பண்லியா?”

“இல்ல அண்ணி. அவர் ஒண்ணுமே பண்ணல.”

அவர் மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். என்னைத் திட்டவில்லை. நான் அங்கே நிற்பதே அவருக்கு மறந்துபோனதுபோல் இருந்தது.

“நாலு வருசமா சொல்லிக் காட்னேனே... பொழுது விடிஞ்சா அதே பேச்சுதான். ஒரு வேலய ஒழுங்கா பாக்கத் துப்பில்ல, புள்ளைங்கள நடுத்தெருவுல நிறுத்திட்டன்னு. சாவறதுக்கு மொத நாளு சாயங்காலம்கூட சொன்னேன்மா. தட்டுல சோறு போட்டுக்கினே சொன்னேன். அந்த மனுசன் ஒரு வார்த்த பேசல. தல குனிஞ்சிகினு துன்னுகினே இருந்தாரு.”